பெண் பார்க்கப் போன ஃபிளாஷ்

திண்டிவனத்தில் மேம்பாலம் இறங்குகிற பக்கம் 'தேவா டிஜிட்டல்' என்று ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. உள்ளே போகிற பெண் எந்த நிறத்தில் போனாலும் வெளியே வருகிற படம் ஒரே நிறத்தில்தான் வரும். சோப்புக் கம்பெனிக்காரர்கள் வருஷக்கணக்காகச் சத்தியம் செய்தும் முடிக்க முடியாத காரியத்தைத் தேவநாதன் கண் சிமிட்டுகிற நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடுவான். பிறகு அந்தப் படம் ஜாதகத்தோடு ஜோடி சேர்ந்து வாட்ஸப்பில் ஏறி, செஞ்சி, மேல்மலையனூர், விழுப்புரம் என்று ஊர் ஊராகப் போகும். படத்துக்குச் சொந்தக்காரி வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருப்பாள்.

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று படம் எடுக்கிறவர்கள் அந்த வட்டாரத்தில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். தேவநாதனும் அதற்கெல்லாம் போகிறவன்தான். ஆனால் அவன் பெயர் நின்றது வரன் பார்க்க அனுப்புகிற படத்தில். "தேவா லைட்டுல நின்னா மூணே மாசத்துல தாலி" என்று பெண்ணைப் பெற்றவர்கள் பேசிக்கொள்வார்கள். அதை அவன் காதுபடப் பேசினால் இரண்டு பிரதி கூடுதலாகப் போட்டுக் கொடுப்பான்.

அவன் வித்தை இதுதான். அவனிடம் மூன்று ஃபிளாஷ்கள் உண்டு. ஒன்றுகூட கேமரா மேல் உட்காராது. கேமராவின் தலையில் இருப்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு டிரிக்கர் மட்டும். அது வொயர் எதுவும் இல்லாமல், மூன்று மூலைகளில் ஸ்டாண்டில் நிற்கிற மூன்று ஃபிளாஷுக்கும் தனித்தனியாக உத்தரவு போடும். நீ முழு பவரில் அடி, நீ கால் பவரில் அடி, நீ சும்மா இரு. உத்தரவு போடுவதற்கு வசதியாக அவற்றுக்கு A, B, C என்று குரூப் பிரித்திருந்தான். "A மூஞ்சிக்கு, B முடிக்கு, C குடும்பத்துக்கு" என்பான்.

குடும்பத்துக்கு எதற்கு வெளிச்சம் என்று கேட்டால் பின்னால் தொங்குகிற திரையைக் காட்டுவான். மாடிப்படி, தொங்குவிளக்கு, ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு வெளிநாட்டுத் தோட்டம் என்று அச்சடித்த திரை. C குரூப்பைத் தட்டிவிட்டால் கூரை வீட்டுப் பெண்கூட அந்த மாடிப்படியில் பிறந்து வளர்ந்தவளாகத் தெரிவாள். A குரூப்பை அரை பவரில் இருந்து முழு பவருக்கு ஏற்றினால் வயலில் நாற்று நட்ட முகம் ஏ.சி. அறையில் வளர்ந்த முகம் ஆகிவிடும். பெற்றவர்கள் "இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சுவார்கள். பெண்களைக் கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது.

சண்டைகள் வராமல் இல்லை. ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கப் போய், காப்பித் தட்டோடு வந்த பெண்ணை அக்கா என்று நினைத்துக்கொண்டு, "பொண்ண வரச் சொல்லுங்க" என்றார்களாம். நேரே ஸ்டூடியோவுக்கு வந்து, "இன்னாய்யா படம் எடுத்துக் குடுத்த, இது மோசடி இல்லையா?" என்று கத்தினார்கள். தேவநாதன் கேமரா லென்ஸைத் துடைத்தபடி, "எங்க ரூம்ல இருந்த வெளிச்சத்துல அந்தப் பொண்ணு அப்படித்தாங்க இருந்துச்சு. அவங்க வீட்ல வெளிச்சம் பத்தலன்னா கரண்டு ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்றான். அந்தப் பதிலை அன்று சாயங்காலமே டீக்கடையில் நாலு பேருக்குச் சொல்லிச் சிரித்தான்.

இப்படி ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் தாலி ஏற வழி செய்தவனுக்கு வயது முப்பத்தெட்டு ஆகியும் கல்யாணம் ஆகவில்லை. காரணம் தேடி எங்கும் போக வேண்டாம். அவன் தொழில்தான் காரணம்.

ஊரை ஏமாற்றுகிறவனுக்கு ஊர் தன்னை ஏமாற்றிவிடும் என்கிற பயம் ஜாஸ்தி. விருத்தாசலம் என்கிற தரகர் ஒரு பெண்ணின் படத்தை அனுப்பினால், மற்ற மாப்பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பார்கள். தேவநாதன் கண்ணின் கருவிழியைப் பெரிதாக்கிப் பார்ப்பான். ஃபிளாஷ் அடித்தால் அதன் பிம்பம் கருவிழியில் வெள்ளைப் புள்ளியாக விழும். சதுரப் புள்ளி என்றால் துணி போர்த்திய பெட்டி விளக்கு, வட்டப் புள்ளி என்றால் குடை, இரண்டு புள்ளி என்றால் இரண்டு பக்கமும் அடித்திருக்கிறார்கள். "இது விழுப்புரத்துக்காரன் எடுத்தது, நெறத்துல பாதிக்குப் பாதி கழிச்சிக்க" என்று அம்மாவிடம் தீர்ப்பு சொல்வான். சில நேரம் படத்தைத் திறந்ததுமே முகம் சுளிப்பான். அது அவனே எடுத்த படமாக இருக்கும்.

அவன் அம்மா பாஞ்சாலி தலையில் அடித்துக்கொள்வாள். "ஏண்டா, நீ கட்டிக்கப் போறது பொண்ணையா, கரண்டு பில்லையா? வர்றதையெல்லாம் கழிச்சிக்கினே போனா கடைசியில இன்னாடா மிஞ்சும்?"

"எனக்குக் கலர் முக்கியம் இல்லம்மா. உண்மை முக்கியம்" என்பான் தேவநாதன். சொல்லும்போது முகத்தில் ஒரு தியாகிக் களை வரும். கறுப்பாக இருந்த இரண்டு பெண்களையும், சிவப்பாகத் தெரிந்ததால் சந்தேகப்பட்ட ஆறேழு பெண்களையும் அவன் அந்த உண்மையை வைத்தே தள்ளியிருந்தான்.

சரி, அவ்வளவு உண்மை விரும்பி தன் படத்தை எப்படி அனுப்பினான் என்று பார்க்க வேண்டாமா? அங்கேதான் அவன் கைவரிசை முழுசாகத் தெரியும். தேவநாதனுக்கு உச்சந்தலை காலி. முன்பக்கம் கொஞ்சம், காதோரம் கொஞ்சம், நடுவில் மைதானம். காலையில் குளித்ததும் முன்பக்க முடியைப் பின்னால் இழுத்து, பக்கத்து முடியைக் குறுக்கே போட்டு, மைதானத்துக்குப் பந்தல் கட்டுவான். காற்று அடித்தால் பந்தல் சரியும் என்பதால் பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் போகவே மாட்டான். அவனைப் பார்த்துப் போலீஸ்காரர் ஒருவர் மற்ற இளைஞர்களுக்குப் புத்தி சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு.

தன் வரன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டான். கதவைச் சாத்தி, மாடிப்படித் திரையைச் சுருட்டி, கறுப்புத் திரையை இறக்கினான். A குரூப்பை முகத்துக்கு நேரே கொஞ்சம் தாழ்த்தி வைத்தான். B குரூப், அதாவது பின்னாலும் மேலேயும் இருந்து தலைமுடிக்கு அடிக்கிற ஃபிளாஷ், அதை அணைத்தே விட்டான். பின்னால் கறுப்பு, தலைக்கு மேலே வெளிச்சம் இல்லை. அப்போது முடி எங்கே முடிகிறது, இருட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று கடவுளுக்கே தெரியாது. கையில் சின்ன ரிமோட்டை மறைத்துக்கொண்டு அமுக்கி அமுக்கி எடுத்தான். கடைசியில் தேறியது அடர்ந்த கேசமும் வெளுத்த முகமும் கொண்ட ஒரு முப்பது வயசு வாலிபன். அவனைத் தேவநாதனுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் ரொம்பப் பிடித்துப் போயிற்று.

இந்த லட்சணத்தில் போய்க்கொண்டிருந்தபோதுதான் கலைமதியின் படம் வந்தது.

வளவனூர்ப் பெண். அப்பாவுக்குக் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல். பி.காம். முடித்துவிட்டு விழுப்புரத்தில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் வேலை. இரண்டு இடம் தட்டிப் போய் முப்பதை எட்டியிருந்தாள். விருத்தாசலம் அனுப்பிய படம் ஸ்டூடியோவில் எடுத்தது இல்லை, யாரோ செல்போனில் எடுத்தது. வாசலில் நின்று, எடுக்கிறவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தாள்.

தேவநாதன் வழக்கம்போலக் கருவிழியைப் பெரிதாக்கினான். சதுரமும் இல்லை, வட்டமும் இல்லை. கண்ணில் வெறும் வானம்தான் இருந்தது. அவன் மறுபடி முகத்தைப் பார்த்தான். மறுபடி கண்ணைப் பார்த்தான். அன்று மத்தியானம் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து தூங்கியே போனார். தேவநாதன் செல்போனைக் கீழே வைக்கவில்லை.

பிடித்துவிட்டது. மனசார, வெட்கமில்லாமல் பிடித்துவிட்டது. இந்தப் பெண் கிடைத்தால் போதும் என்று அவன் மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டான். இத்தனை வருஷத்தில் கழிக்காமல் பார்த்த முதல் முகம் அது. ராத்திரி சாப்பாட்டில் வேர்க்கடலை வறுத்து அரைத்த மல்லாட்டைச் சட்னிக்குப் பதிலாக ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு இட்லி சாப்பிட்டதைப் பார்த்துப் பாஞ்சாலி சந்தோஷப்பட்டாள். மகனுக்குப் பைத்தியம் பிடித்தால்தான் கல்யாணம் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அவன் அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையில் எழுத ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் சந்தேகம் வந்துவிட்டது. படத்தில் நிழலே விழவில்லை. அப்படியென்றால் எடுத்தபோது மேக மூட்டம். மேக மூட்டத்தில் யார் நின்றாலும் முகம் மெத்தென்று வரும், ஒரு கலர் ஏறியும் தெரியும். செல்போன் வேறு தன் பங்குக்கு வெளுத்துக் கொடுக்கும். "பொண்ணு வீட்டுக்காரங்க வெவரமானவங்கம்மா. ஃபிளாஷ் வெச்சா நான் கண்டுபுடிச்சிருவேன்னு மழ வர்ற நேரமாப் பாத்து எடுத்துருக்காங்க" என்றான். பாஞ்சாலி எழுந்து போய்விட்டாள்.

பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். பாஞ்சாலிக்கு முழங்கால் வீக்கம், அவளால் பஸ் ஏற முடியாது. ஓமந்தூரில் இருந்து அக்கா ஜெயமும் அவள் புருஷன் கண்ணையனும் வந்து சேர்ந்தார்கள். அம்மா வரவில்லை என்றதும் தேவநாதனுக்கு ஒரு யோசனை பிறந்தது. அம்மாவுக்குக் காட்ட ஒரு படம் என்று சொல்லிப் பெண்ணை அங்கேயே எடுத்துவிடலாம். ஏமாற்றாத வெளிச்சத்தில், அளந்து வைத்து. பழத் தட்டு, பூ, மல்லாட்டை உருண்டை டப்பா, இவற்றோடு கேமராப் பையும் காரில் ஏறியது.

"பொண்ணு பாக்கப் போற எடத்துக்கு இது இன்னாத்துக்குடா?" என்றாள் ஜெயம்.

"அம்மாவுக்குத்தான்க்கா. பாவம், வரலல்ல."

கண்ணையன் நல்ல மனுஷன். சாப்பாட்டு விஷயத்தில் இன்னும் நல்ல மனுஷன். காரிலேயே அவர் கையில் ஒரு ஃபிளாஷைக் கொடுத்துத் தேவநாதன் பாடம் நடத்தினான். "மாமா, நீ ஒன்னுமே பண்ண வேணாம். நான் சொல்ற எடத்துல இத்த கையில புடிச்சிக்கினு நின்னா போதும். நான் அங்கருந்து அமுக்குனா இது இங்க தானா அடிக்கும்."

"வொயரு?"

"வொயரே கெடையாது மாமா. ரேடியோ சிக்னல்."

கண்ணையன் ஃபிளாஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப யாரு அமுக்குனாலும் அடிக்குமா?"

"கேமரா யாரு கையில கீதோ அவங்க அமுக்குனா அடிக்கும்" என்றான் தேவநாதன். மாமாவுக்கு அறிவு வளர்கிறதே என்று அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கலைமதியின் அப்பா திருமுருகன் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். கூடத்தில் ஒரு பெஞ்சு, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஸ்டூலின் மேல் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும். உறவுக்காரப் பெண்கள் சமையலறை வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தேவநாதன் பைக்கில் வராமல் காரில் வந்திருந்ததால் பந்தல் அசையாமல் இருந்தது. விருத்தாசலம் மாப்பிள்ளையின் பெருமையை எடுத்துவிட்டார். சொந்த ஸ்டூடியோ, கெட்ட பழக்கம் இல்லை, திண்டிவனத்தில் தேவா என்றால் தெரியாதவர் இல்லை.

கலைமதி வந்தாள். காப்பித் தட்டு இல்லை. வெறுங்கையோடு வந்து, "வாங்க" என்று எல்லோரையும் பார்த்துச் சொல்லிவிட்டு அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தேவநாதனை நேராகப் பார்த்தாள். படத்தைவிட நேரில் இன்னும் நன்றாக இருந்தாள். அந்த நிமிஷம் "சம்மதம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவன் பிறவி கடைத்தேறியிருக்கும். அவன் அதைச் சொல்லாமல், மேலே எரிந்துகொண்டிருந்த மஞ்சள் பல்பைப் பார்த்தான். மஞ்சள் வெளிச்சத்தில் நிறம் தெரியாது என்று அவன் தொழில் புத்தி காதில் ஓதியது.

"அம்மா வரல. அவங்களுக்குக் காட்ட ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா?" என்றான்.

"தாராளமா எடுத்துக்குங்க" என்றார் திருமுருகன்.

செல்போனை எடுப்பான் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவன் பையைத் திறந்து கேமராவை எடுத்து, டிரிக்கரை மாட்டி, அதுவும் ஃபிளாஷும் ஒரே சானலில் இருக்கின்றனவா என்று சரிபார்த்தான். பல்பை அணைக்கச் சொன்னான். கலைமதியை வெள்ளைச் சுவர் ஓரமாக நிற்கச் சொன்னான். கண்ணையனை இடது பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, "கொஞ்சம் தூக்கிப் புடி மாமா, அப்படியே" என்றான். அவரும் வாயில் இருந்த பஜ்ஜியை மென்றபடி ஃபிளாஷைத் தூக்கிப் பிடித்தார். விருத்தாசலத்துக்கு முகம் கறுத்தது. ஜெயம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதும் தப்பித்திருக்கலாம். தேவநாதன் பைக்குள் கையை விட்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையை எடுத்தான். படத்தில் நிறம் கூடாமல் குறையாமல் வருவதற்குப் பக்கத்தில் வைத்து எடுக்கிற அட்டை அது. ஸ்டூடியோவில் அதை அவன் யாருக்கும் எடுத்ததே இல்லை. நிறம் சரியாக வந்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும். உறை பிரிக்காமல் பல வருஷம் கிடந்த அட்டைக்கு அன்றுதான் வேலை வந்தது.

"இத்த மூஞ்சிக்குப் பக்கத்துல புடிச்சிக்குங்க" என்று கலைமதியிடம் நீட்டினான்.

"இது எதுக்குங்க?"

"கலரு கரெக்ட்டா தெரியணும்ல? அதுக்குத்தான்."

கலைமதி அட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு அதை வாங்கிக் கன்னத்துக்குப் பக்கத்தில், போலீஸ் ஸ்டேஷனில் பிடித்து வைத்தவர்கள் பலகை பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஃபிளாஷ் அடித்தது. தேவநாதன் கேமராவின் திரையில் குனிந்து பார்த்தான். பார்த்தான், பெரிதாக்கினான், அட்டையையும் கன்னத்தையும் ஒப்பிட்டான். ஒரு பெண் எதிரே நிற்கிறாள் என்பது அவனுக்கு மறந்தே போயிற்று.

"வந்துச்சுங்களா கலரு?" என்றாள் கலைமதி.

"ம். கரெக்ட்டா வந்துருக்கு" என்றான் அவன், நிம்மதியோடு. அந்த நிம்மதி இருக்கிறதே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"அப்படின்னா குடுங்க, நானும் ஒன்னு எடுக்கறேன். எங்க அண்ணன் சிங்கப்பூர்ல கீறாரு. அவரும் மாப்ளயப் பாக்க வேணாமா?" என்று கையை நீட்டினாள். கேட்ட முறையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. திருமுருகனும் சிரித்துக்கொண்டே, "ஆமா, அவன் கேப்பான்" என்றார். தேவநாதன் கேமராவைக் கொடுத்து, எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டினான். அவள் கேட்டுக்கொண்டு, "நீங்க அந்த நாற்காலியிலயே உக்காருங்க. இதப் புடிச்சிக்குங்க" என்று அட்டையை அவன் கையில் கொடுத்தாள்.

அவன் உட்கார்ந்தான். அட்டையையும் பிடித்துக்கொண்டான். தன் வேலை முடிந்தது என்று நினைத்த கண்ணையன் அதற்குள் பஜ்ஜித் தட்டைத் தேடிப் போயிருந்தார். தட்டு இருந்த ஸ்டூல் தேவநாதனின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. ஒரு கையால் பஜ்ஜியை எடுத்தவர், விலை உயர்ந்த சாமான் எண்ணெய் பட்டுவிடக் கூடாது என்று மறு கையில் இருந்த ஃபிளாஷை மச்சானின் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அவர் வரையில் அது பொறுப்பான காரியம்.

கலைமதி அமுக்கினாள்.

வெளிச்சம் எங்கே இருந்து வந்தது என்று தேவநாதனுக்கு உடம்பே சொல்லிவிட்டது. பின்னால், மேலே. அவன் அணைத்து வைத்த B குரூப் வளவனூர் வரைக்கும் தேடி வந்து அடித்துவிட்டது. "இருங்க, இருங்க, லைட்டு தப்பு" என்று எழுந்தான். கேமரா அதற்குள் திருமுருகன் கைக்குப் போய்விட்டது. அவர் பார்த்துவிட்டுப் பக்கத்தில் கொடுத்தார். அது சமையலறை வாசலுக்குப் போயிற்று. முன்முகம் கொஞ்சம் இருட்டாகவும், உச்சந்தலை ஒரு முடி விடாமல், அதாவது முடியே இல்லாமல், வெயிலில் வைத்த எவர்சில்வர் குடமாகவும் படம் பிரமாதமாக வந்திருந்தது. குறுக்கே போட்ட முடிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

"இது யாரு, மாப்ளையோட அப்பாவா? அவரும் வந்துருக்காரா?" என்று ஒரு அத்தை நிஜமாகவே கேட்டாள். அடக்கி வைத்திருந்த சிரிப்பு அங்கே உடைந்தது. ஜெயமே சிரித்துவிட்டாள். கண்ணையன் மட்டும் எதற்கு என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று சேர்ந்து சிரித்தார்.

இந்தக் காலத்தில் பெண்ணும் பையனும் பத்து நிமிஷம் தனியாகப் பேசிக்கொள்ள விடுகிறார்கள். சிரிப்பை மூடி மறைக்க விருத்தாசலம் அவசரமாக அந்த ஏற்பாட்டைச் செய்தார். வீட்டுக்குப் பின்னால் கிணற்றடி. கேமராவைக் கலைமதி கையோடு கொண்டு வந்திருந்தாள். பந்தலைச் சரிசெய்யக் கையைத் தூக்கிய தேவநாதன், இனி யாருக்காக என்று கையை இறக்கினான்.

"முடி விஷயத்த நான் முன்னாடியே சொல்லி இருக்கணும்" என்றான். "தப்புதாங்க. ஆனா உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. சத்தியமா. போட்டோ பாத்த அன்னிக்கே புடிச்சிருச்சு."

அவன் அதை வேஷம் இல்லாமல் சொன்னான். அவளுக்கும் அது தெரிந்தது. அதனால் கோபத்தைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு பேசினாள்.

"முடி போனா போவுதுங்க. எங்கப்பாவுக்குக்கூடத்தான் இல்ல. இந்தத் தலையோட ஒரு போட்டோ அனுப்பி இருந்தீங்கன்னா நான் சரின்னு சொல்லி இருப்பேன். நெஜமாத்தான் சொல்றேன். நீங்க வந்து உக்காந்தப்பகூட, பரவால்ல, நல்ல மாதிரியா கீறாருன்னுதான் நெனச்சேன்."

தேவநாதன் நிமிர்ந்தான்.

"எங்க கடையில தெனமும் பாக்கறேன்" என்றாள் கலைமதி. "கஸ்டமருங்க புடவைய எடுத்துக்கினு வாசலுக்குப் போயி வெயில்ல விரிச்சுப் பாப்பாங்க. கடையில லைட்டப் போட்டு ஏமாத்தறாங்களோன்னு சந்தேகம். நான் கோச்சிக்கறது இல்ல. காசு குடுத்து வாங்கறாங்க, பாக்கட்டும். நீங்க இன்னிக்கி என்னைய வாசலுக்குக் கொண்டு போய் விரிச்சீங்க. எங்கப்பா எதிர்ல. நான் கடையில வேல செய்யறவ, கடையில இருக்கற புடவ இல்லீங்க."

"அய்யோ, நான் அப்படி நெனக்கலங்க. தொழில் புத்தி. கை தானா போயிருச்சு."

"அதான் பயமா கீது. நாளைக்கு ஒரு பொண்ணு பொறந்தா அது மூஞ்சிக்குப் பக்கத்துலயும் அந்த அட்டையப் புடிப்பீங்க. கை தானா போவும்."

அவள் கேமராவை நீட்டினாள். "என் போட்டோவ அழிச்சிருங்க. உங்களோடத வெச்சிக்குங்க, நல்லா வந்துருக்கு. அடுத்த எடத்துக்கு அதையே அனுப்புங்க." சொல்லிவிட்டு, அவன் அழிக்கிற வரையில் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். அழிந்ததும், "போய்ட்டு வாங்க" என்றாள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

காரில் திரும்பினார்கள். கோலியனூர் தாண்டியதும் கண்ணையன் மட்டும், "பஜ்ஜி நல்லா இருந்துச்சு" என்றார். ஜெயம் அவர் தொடையில் கிள்ளினாள். விருத்தாசலம் விழுப்புரத்திலேயே இறங்கிக்கொண்டார். அடுத்த வரன் இருந்தால் சொல்கிறேன் என்று வழக்கமாகச் சொல்கிறவர் அன்று அதைச் சொல்லவில்லை.

திண்டிவனத்தில் பாஞ்சாலி வாசல் படியில் காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். கார் நின்றதும், "இன்னாடா ஆச்சு?" என்றாள். ஜெயம் உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போனாள். தேவநாதன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். கார் ஜன்னல் காற்றில் சரிந்த பந்தல் காதோரம் தொங்கியது. அவன் அதைத் தூக்கி வைக்கவில்லை.

"வேணாம்னு சொல்லிருச்சும்மா."

பாஞ்சாலிக்குக் கண் கலங்கிவிட்டது. மகனைப் போய் ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே என்கிற ஆத்திரம் வேறு. அவனை வேண்டாம் என்று சொல்லும்படி அந்தப் பெண் அப்படி என்ன ரதியா என்று தெரிந்துகொண்டே ஆக வேண்டும் அவளுக்கு. கேமராவைப் பிடுங்கிப் பார்த்தாள். அதில் இருந்தது அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு வழுக்கைத் தலை.

"பொண்ணு போட்டோ எங்கடா?"

"அழிச்சிட்டேன்."

"போனாப் போறா. அப்படி இன்னா பெரிய கலரு அவ? செவப்பா, மாநெறமா, கறுப்பா?"

தேவநாதன் யோசித்தான். அந்த முகம் நினைவில் இருந்தது. பேசும்போது ஒரு முறை அவள் குரல் நடுங்கியது நினைவில் இருந்தது. கேமராவை நீட்டிய கையில் கண்ணாடி வளையல் ஒன்று விரிசல் விட்டிருந்ததுகூட நினைவில் இருந்தது.

"தெரியலம்மா" என்றான். "பாக்கத்தான் போனேன். எனக்குத் தெரியல." சொல்லிவிட்டு அம்மாவின் வீங்கிய முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான்.